ஆணி எடைக்குத் தரப்படும்

ஹெல்மர் ஸ்டோர்லி இறந்த செவ்வாய்க்கிழமை
கடையைத் திறப்பதா வேண்டாமா என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
திறந்தேன்.
முப்பத்தொரு வருடப் பழக்கம், கை தானாகச் சாவியைத் திருப்பியது.
ஒன்பதரைக்கு ஒருவர் வந்து
கோழிக்கூண்டுக்குக் கம்பிவலை கேட்டார்,
தொப்பியைக் கழற்றி, தணிந்த குரலில்,
சவப்பெட்டி கேட்பதுபோல.

அதையும் விற்ற கடைதான் இது.
ஓக் மரம், பித்தளைக் கைப்பிடி.
வடக்கு டகோட்டாவில் டோர்னெஸ் மாதிரி ஓர் ஊரில்
தொட்டிலுக்கும் பெட்டிக்கும்
ஒரே கல்லாவில்தான் காசு விழும்.

ஊர்க்கதை இது:
ஹெல்மரின் தாத்தா ஆமுண்ட்
நார்வேயிலிருந்து கப்பலேறி, பிறகு மாட்டுவண்டியேறி,
இந்த ஓடைக்கரையில் இறங்கி
"இங்கேதான்" என்று விரல் நீட்டினார்.
பள்ளிச் சுவரில் அந்த விரல் இருக்கிறது,
ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் பெரிதாக.
ஓடைக்கு அதற்கு முன்பே பெயர் வைத்திருந்தவர்களை வரைய
சுவரில் இடம் போதவில்லை.

ஒரு ஜனவரி இரவு, சரக்குக் கணக்கெடுப்பு.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது.
நான் கீல்களை எண்ணினேன், அவர் தாழ்ப்பாள்களை.
நூற்று நாற்பத்திரண்டில் நிறுத்திச் சொன்னார்:
"அச்சு முறிந்தது, அவ்வளவுதான்.
கிழவர் மொன்டானாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்."
குளிருக்கு வண்டியை எரித்து,
காலையில் சாம்பலைச் சலித்து,
பொறுக்கிய ஆணிகளில் பாதியை
அடுத்து வந்த குடும்பத்துக்கு
எடை போட்டு விற்றாராம்.
"எங்கள் முதல் வியாபாரம்" என்றார்.
பிறகு,
"நூற்று நாற்பத்து மூன்று."

எரிந்த வண்டி எப்படி
ஒவ்வொரு ஜூலையும் ஊர்வலம் போகிறது
என்று நான் கேட்கவில்லை.
அதன் பலகையில் ஹெல்மர் உட்கார்ந்து
பிள்ளைகளுக்கு மிட்டாய் எறிவார்.
வெயிலில் காது சிவந்திருக்கும்.
கணக்குப் புத்தகம் மட்டும் வாய் திறந்தது:
1931, அக்டோபர்.
ஏலத்தில் பழைய வண்டி ஒன்று, பதினான்கு டாலர்.
அவர் அப்பாவின் சாய்ந்த கையெழுத்து.
செலவுத் தலைப்பு: விளம்பரம்.

வெள்ளிக்கிழமை சர்ச்சில் அவரைத் தங்கம் என்றார்கள்.
தங்கம் எட்டு சதவீத வட்டிக்குக் கடன் கொடுக்கும்.
அறுவடைவரை பொறுக்கும்; அறுவடை வராவிட்டால்
ஆலங்கட்டி அடித்த வருடம் ஹைன்லியின் நிலத்தை எடுத்ததுபோல்
எடுத்துக்கொள்ளும்.
ஹைன்லியின் மகள்தான் அன்று ஆர்கன் வாசித்தாள்.
அவள் நர்சிங் படிப்புக்குப் பணம் கட்டியது யார் என்று
அவளுக்குத் தெரியாது.
இரண்டையும் நான்தான் பதிந்தேன்,
வெவ்வேறு பக்கங்களில்.
கூட்டிக் கழித்துப் பார்க்கச் சொல்லி
அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

நெடுஞ்சாலையில் பெரிய கடை வந்த வருடம்
மச்சினனின் கோட்டை மாட்டிக்கொண்டு
திருட்டுத்தனமாகப் போய்ப் பார்த்துவந்தார்.
இரண்டு நாள் பேச்சில்லை.
மூன்றாம் நாள்:
"ஆணியைப் பெட்டியில் அடைத்து வைத்திருக்கிறான்.
ஐந்து வேண்டியவனும் ஐம்பது வாங்க வேண்டும்.
இது என்ன நியாயம்?"
அவர் கோபப்பட்டு நான் பார்த்தது
அந்த ஒரு தடவைதான்.

அடக்கம் முடிந்த திங்கள்கிழமை
அருங்காட்சியகத்து லவோன் பிரெக்கி வந்தாள்.
பழைய புத்தகங்களைக் கொடுத்தேன்.
1930 இருந்தது. 1932 இருந்தது.
"நடுவில் ஒன்று?"
"ஈரம் அரித்துவிட்டது" என்றேன்.
டோர்னெஸில் மழை பெய்து
ஏழு வாரம் ஆகியிருந்தது.
அவள் ரசீதில் கையெழுத்துப் போட்டாள்.

கல்லாவுக்கு அடியில் ஒரு புகையிலை டப்பா.
மேலே அவர் எழுத்தில் என் பெயர், வேறொன்றும் இல்லை.
உள்ளே வளைந்து, தீயில் கறுத்த ஆணிகள்.
தராசில் வைத்தேன்: ஏழரை அவுன்ஸ்.
பிறகு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக உருட்டினேன்.
பதினோரு ஆணி சதுரத் தண்டு,
அந்தக் காலத்து வெட்டாணி.
மூன்று மட்டும் உருண்டை.
ஆமுண்ட் வந்தபோது இந்தப் பக்கம் அவை கிடையாது.

மூன்றையும் தனியே எடுத்தேன்.
சற்று நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு
மறுபடி டப்பாவிலேயே போட்டேன்.
கம்பிவலைக்காரர் வாசலில் நின்றார்,
வலையை எதில் அடிப்பது என்று
கேட்க மறந்துவிட்டாராம்.