கடலை ஒத்துக்குமா

ஜன்னல் வெளிச்சத்துக்கு விரலைத் திருப்பி
ஸ்கேல் வைத்து அளந்தார் டாக்டர்.
கட்டைவிரல் நகத்தில், குறுக்கே,
மூன்று வெள்ளைக் கோடு.
மண்டிச் சுவரில் மூட்டைக் கணக்குக்குச்
சுண்ணாம்பு தொட்டு இழுப்போமே, அதுபோல.

"நகம் மாசத்துக்கு மூணு மில்லி வளரும்மா.
இது ஐப்பசி. இது புரட்டாசி.
இது ஆவணி."
ஆவணி என்றதும் என் வயிறு கலங்கியது.
ஆவணியில்தான் முதல் பொட்டலம்.

குடியாத்தம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
சனிக்கிழமை மட்டும் ரூம் போடுகிற ஆள்.
முழங்கைச் செதில் நாலே மாசத்தில் உதிரும் என்றான்.
மாசம் ஏழு நாள், தேனில் குழைத்து, வெறும் வயிற்றில்.
வாந்தி வந்தால்? "நோய் கழியுது."
வயிற்றாலே போனால்? "அதுவும் நோய்தான்."
கால் எரிந்தால் என்னவென்று கேட்கப் போன் போட்டேன்.
அந்த எண் உபயோகத்தில் இல்லை.

செதில் உதிர்ந்தது, பொய் சொல்லக் கூடாது.
பிறகு தலைமுடியும்.
பாதத்தில் எறும்பு ஊர்ந்தது,
முழங்கால் வரை ஏறியது,
ஒருநாள் எறும்பும் செத்தது.
செருப்பு எங்கோ கழன்று கிடக்க
நடுமத்தியானத் தார் ரோட்டில்
வெறுங்காலோடு மண்டிக்கு வந்து நின்றார் முனிரத்தினம்,
"என்ன அப்படிப் பாக்கற அமுலு?" என்றபடி.

நாலாவது பொட்டலத்தில் விழுந்தார்.
வேலூருக்கு ஆம்புலன்ஸ்.
பாஷாணம் என்று தெரிந்த அன்றே
நோட்டுப் புத்தகத்தோடு ஏட்டு வந்தார்.
"யாரும்மா குடுத்தது?"
"நான்தான்."
பேனா நின்றது.
நான்தானே குழைத்தேன், நாக்கில் வழித்தேன்,
குமட்டினால் மூக்கைப் பிடிச்சுக்கோ என்றேன்.
முந்தானை முடிச்சிலிருந்த காகிதத்தை
அவர் மோந்து பார்த்தார்.
"ஒரு வாசனையும் இல்லையே?"
ருசியும் இல்லை சார்.
தேன் வீணாகுதே என்று
கரண்டியை நான் நக்கிவிடுவேன்.

டாக்டர் திரும்பி என் விரலைப் பிடித்தார்.
முடி மாதிரி ஒன்று, இருந்தும் இல்லாமலும்.
ஏட்டு குனிந்து பார்த்தார்.
என்னமோ எழுதினார். என்னவென்று கேட்கவில்லை.

இருபத்து நாலு மணி நேர மூத்திரம், ஒரு கேனில்.
கடல்மீன் தின்றாரா? இல்லை.
கருவாடு? அதுவும் இல்லை.
பக்கத்துக் கட்டிலில் ஒரு வங்காளத்துக்காரர்
சட்டையைத் திறந்து எனக்குக் காட்டினார்:
நெஞ்செல்லாம் தூறல் விழுந்த புழுதி.
உள்ளங்கையில் சோளம் சோளமாகக் காய்.
அவருக்கு ஊட்டியது ஆளில்லை,
வாசலில் இருக்கும் கைபம்பு.
இரண்டு பேருக்கும் முதல் வைத்தியம் ஒன்றுதான்:
நிறுத்து.

அப்புறம் நர்ஸ் வந்து கேட்டாள்:
"ஊசிமருந்து கடலை எண்ணெயில் கரைச்சது.
அவருக்குக் கடலை ஒத்துக்குமா?"

நான் சிரித்துவிட்டேன்.
பதினோரு நாளில் முதல் தடவை,
வார்டே திரும்பிப் பார்க்கும்படி.
கடலை உரித்துத்தான் அம்மா எங்களுக்குத் தாலி.
கடலை விற்றுத்தான் அந்தப் பொட்டலம்.
ஒத்துக்கும், போடுங்க.

நாலு மணிக்கு ஒரு ஊசி, இடுப்பில் மாறி மாறி.
தார் சுட்டது தெரியாதவர்
எண்ணெய் இறங்கும்போது கத்தினார்.
விஷத்தை அது கவ்விக்கொண்டு
மூத்திரத்தில் இறங்கும் என்றார்கள்.
பிறகு மாத்திரை, அழுகிய முட்டை நாற்றம்.
நரம்பைப் பற்றிக் கேட்டால் மட்டும்
டாக்டர் ஸ்கேலைப் பையில் வைத்துக்கொண்டு
"பார்க்கலாம்" என்றார்.
நாலாவது கோடு அப்போது தோலுக்கு உள்ளே இருந்தது.

தையில் அது வெளியே வந்தது, பிறைபோல, அழகாக.
ஆவணியை பிளேடால் சீவி
அடுப்பில் போட்டேன்.
அன்று சாயங்காலம் கடலைத்தோல் குவியலில் நடந்தவர்
நின்றார். "என்னமோ குத்துது."
எந்தக் கால்?
இடது என்றார்.
வலது கால் இன்னும்
யாரோ விட்டுப்போன கால்.