சிவப்பு மூடி

கெமி நகரம் எத்தனை டிகிரியில் தூங்க வேண்டும் என்பதை
முப்பத்து மூன்று குளிர்காலம் நான்தான் சொன்னேன்.
வெளியே மைனஸ் இருபத்தாறென்றால்
குழாயில் நூற்றுப் பதினைந்து.
காற்று கடல் பக்கமிருந்து வந்தால் இன்னும் இரண்டு.
அந்த இரண்டு எந்தக் கையேட்டிலும் இல்லை,
என் முழங்காலில் இருந்தது.

ஒரு ஜனவரி, இரவு இரண்டே கால்,
மூன்றாம் பம்பு நின்றது.
தெற்குக் குழாயைத் திருப்பிவிட்டேன்.
ஊரில் ஒருவர்கூடப் புரண்டு படுக்கவில்லை.
என் வேலையின் அழகே அதுதான்:
நடந்தது யாருக்கும் தெரியாது.

மே மாதம் கேக் வெட்டினார்கள்.
சாவிக்கொத்தைக் கொடுத்ததும்
கைப்பை எடையிழந்தது.
அதைத் தோளில் மாட்டத் தெரியாமல்
வீடு வரை கையில் பிடித்துப் போனேன்.

ஓஸ்மோவுக்கு வேறு மாதிரி.
அவன் மூன்றாம் நம்பர் பேருந்து ஓட்டியவன்.
ஒன்றுக்குப் போவதற்கும் கால அட்டவணை;
கடைசி நிறுத்தத்தில் நான்கு நிமிடம்,
பனி கொட்டினால் அதுவும் இல்லை.
இப்போது முட்டை வேகும்வரை முட்டையைப் பார்க்கிறான்.
நேற்று துறைமுகம் வரை நடக்கக் கிளம்பியவன்
பாலத்திலிருந்தே வந்துவிட்டான்.
"பாதியில் திரும்பினேன் ரைலி,
ஒருத்தரும் புகார் எழுதவில்லை" என்றான்,
லாட்டரி விழுந்தவன் முகத்தோடு.

ஒரே மாதத்தில், ஒரே பேனாவால்
ஓய்வூதியத் தாளில் கையெழுத்துப் போட்டோம்.
அவனுக்குக் கொடுத்ததை
என்னிடமிருந்துதான் எடுத்தார்களோ என்று
சில காலைகளில் தோன்றும்.
சொல்வதில்லை. காபி ஊற்றுகிறேன்.

எங்கள் ரேடியேட்டர் வால்வில்
குடியிருப்புச் சங்கம் சிவப்பு மூடி போட்டிருக்கிறது.
திருகக் கூடாதாம்.
நான்!
இரும்பின்மேல் உள்ளங்கையை வைத்து
இன்று எத்தனை அனுப்பியிருப்பான் என்று கணக்கிடுவேன்.
நூற்று எட்டு. போதாது.
ஒருநாள் போன் செய்தேன்.
என் நாற்காலியில் இருக்கும் யூஸோ
மரியாதையாகத்தான் சொன்னான்:
"எல்லாம் இப்போது தானாகவே நடக்கிறது.
நான் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன்."
இருபத்தெட்டு வயது இருக்கும்.
அவனுக்காக வருத்தப்பட எனக்கு
இரண்டு நாள் பிடித்தது.

போன செவ்வாய் இரவு ரேடியேட்டர் சில்லிட்டது.
எழுந்து கால்சட்டை போட்டுவிட்டேன்.
பூட்ஸில் ஒரு கால்.
"யாராவது பார்ப்பார்கள்," இருட்டிலிருந்து ஓஸ்மோ.
அந்த யாராவது
முப்பத்து மூன்று வருடம் நானாக இருந்தேன்.
ஒற்றைக்கால் பூட்ஸோடு
கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
நிமிடங்களை எண்ணினேன்.
நாற்பத்தொன்று.
குழாய் டக்கென்றது, பிறகு வெதுவெதுப்பு.
நானென்றால் இருபத்தைந்து.

தூக்கம் வரவில்லை.
அறை சூடேற ஏற, சன்னலை
ஒரு விரற்கடை திறந்தேன்.
கடல் பக்கத்துக் காற்று.
இருபத்திரண்டு. இருபத்தொன்று.
பத்தொன்பதில் கொக்கியை மாட்டினேன்.
ஓஸ்மோ தூக்கத்திலேயே
போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.
இழுக்கட்டும்.
பூட்ஸை அப்புறம்தான் கழற்றினேன்.