நூற்றைம்பது மில்லி

கோபாலபுரம் செக்போஸ்ட்டில் லாரிகள்
இன்ஜினை அணைக்காமல் நிற்கும்.
அந்த உறுமலில் என் திரை
லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும்.
அதனால்தான் கோணலாய்ப் போனது என்று சொல்லலாம்.
பொய்.
நேராக வரைந்ததால்தான் போனது.

கொழிஞ்சாம்பாறை சஜீவனுக்கு மோர்க் கோப்பை.
காகிதம். நூற்றைம்பது மில்லி. இருபதாயிரம்.
சுற்றிலும் பனை வரிசை, காலடியில் வரப்பு,
முன்னும் பின்னும் மலையாளத்தில்
சம்பாரம்.
பேச வரும் எனக்கு, படிக்க வராது.
எழுத்துகளைப் பாத்திரங்களாகப் பார்த்தேன்:
ஒன்றுக்குக் கைப்பிடி, ஒன்றுக்கு மூடி,
இடையிலும் கடைசியிலும் சின்ன வட்டம்,
தெறித்த மோர்த்துளிகள்.

டை விசிறியாய் வளைந்திருந்தது.
அதற்குள் நீளப்படத்தைத் திணித்து
வெளியே நீட்டியதை வெட்டி அனுப்பிவிட்டேன்.

வெள்ளியங்கிரி மெஷினில் சுருட்டி ஒட்டி
சூடு ஆறாமல் கொண்டுவந்து வைத்தான்.
வரப்பு, ஈரத்துணி போட்ட கொடிக்கயிறு மாதிரி
நடுவில் தொய்ந்து
ஓரங்களில் விளிம்புக்கு ஏறியிருந்தது.
பனைகளெல்லாம் ஒட்டுக்கேட்பதுபோல்
நடுவை நோக்கிச் சாய்ந்திருந்தன.

"நல்லாத்தானுங்க்கா இருக்குது.
கணவாய்க் காத்துக்கு நம்மூரு மரம் இப்படித்தான நிக்கும்?"

காத்து ஒரு பக்கமிருந்து வரும் வெள்ளியங்கிரி,
இதுல ரெண்டு பக்கமும் அடிக்குது.

அவன் கோப்பையைத் திருப்பினான்.
பின்னால், ஒட்டு வரும் இடத்தில்
இரண்டு பனைகள்
பேச்சு நின்றுபோன பங்காளிகளாய்
முதுகு காட்டி நின்றன.

வெறும் கோப்பை ஒன்றை எடுத்தேன்.
புத்தக அடுக்கின் மேல் பேனாவை அசையாமல் பிடித்து
கோப்பையை மட்டும் திருகினேன்.
சுற்றி ஒரு மட்டக்கோடு.
விளிம்பிலிருந்து அடிவரை பன்னிரண்டு செங்குத்துக் கோடுகள்.
ஒட்டில் பிளேடை விட்டு விரித்து
மேசையில் மல்லாத்தினால்
மட்டக்கோடு வில்லாகக் கிடக்கிறது.
மற்றவை விரல்களைப்போல் அகல்கின்றன.
கீழே நீட்டினால் எங்கே போய்க் கூடும் என்று
ஸ்கேலை வைத்துத் தேடினேன்:
காகிதத்துக்கு வெளியே, மேசைக்கும் வெளியே,
ஏறக்குறைய என் மடியில்.

பிறகு ஒவ்வொரு பனையாக
அந்தப் புள்ளிக்கு வேரைத் திருப்பினேன்.
ஓரத்துப் பனைக்கு இருபத்திரண்டு டிகிரி.
மொத்தமாக வளைக்க ஒரு கட்டளை இருக்கிறது,
போட்டால் பனையின் தலை பூசணியாய் ஊதிவிடுகிறது.
கையால்தான்.
இரவு பதினொன்றுக்கு
மகன் எட்டிப் பார்த்தான்:
"அம்மா, பூகம்பமா?"

மறுநாள் கோப்பையில் எல்லாம் நிமிர்ந்து நின்றன.
வெள்ளியங்கிரிக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.
"ஸ்கூல் பிரேயர்ல நிக்கறாப்பல இருக்குதுங்க."

சஜீவன் வண்ணாமடை வழியாக பைக்கில் வந்தார்.
ஹெல்மெட்டைக் கழற்றாமல்
கோப்பையை வெளிச்சத்தில் சுற்றினார்.
பனையைப் பார்க்கவே இல்லை.
"சேச்சி, பின்னால உள்ள சம்பாரத்துக்கு
அம் எவிடே?"

ஒட்டுக்கு விடவேண்டிய எட்டு மில்லிமீட்டரில்
இடம் போதாமல்
துளிதானே என்று
ஒரு வட்டத்தைப் பசைக்கு அடியில் தள்ளியிருந்தேன்.

துளியில்லையா அது?

அவர் சிரிக்கவில்லை.
ஹெல்மெட்டுக்குள் வாயைத் திறந்து
சம்பார என்று நிறுத்தினார்.
திறந்தபடியே சற்று நேரம் இருந்தார்.
அப்புறம் உதடுகளை மூடினார்:
ம்.

சொல்லை ஒன்பது மில்லிமீட்டர் நகர்த்தி,
வளைவை மறுபடி சரிபார்த்து,
இருபத்தோரு பனையில் ஒன்றைப் பசைக்குக் கொடுத்தேன்.
அதை யாரும் எண்ணப்போவதில்லை.

இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.
முதல் கோப்பையை, அந்தச் சாய்ந்த பனைகளை,
வெள்ளியங்கிரி வீசவில்லை.
அதில் ஸ்க்ரூ போட்டு
மெஷின் தலையில் வைத்திருக்கிறான்.
வெளியே லாரி உறுமும்போதெல்லாம்
உள்ளே கலகலக்கிறது.