படை கடந்த இரவு

முதலில் கரப்பான்கள்தான் சொல்லின.
சுவர் இடுக்கிலிருந்து, அடுப்புக் கல்லின் அடியிலிருந்து,
இத்தனை பேரா என்னோடு குடியிருந்தார்கள் என்று
நான் கூசிப்போகும் அளவுக்கு
எல்லாம் ஒரே திசையில் ஓடின.
பின்னாலேயே எலி.
ஆறு மாதம் பொறி வைத்தும் சிக்காத அதே எலி
என் பாதத்தை மிதித்துக்கொண்டு போனது,
பார்த்தும் பாராததுபோல.

அப்புறம்தான் சத்தம்.
தேயிலைச் செடிகள் மேல் தூறல் விழுகிற சத்தம்.
மழையோ மாலையே ஓய்ந்திருந்தது.

விளக்கைத் தாழ்த்திப் பிடித்தேன்.
வாசற்படியில் ஒரு கறுத்த கயிறு
தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வந்தது.
இரு கரையிலும் பெருந்தலைக்காரர்கள்
தாடையை விரித்து அசையாமல் நிற்க
நடுவில் சின்னவர்கள் ஓடினார்கள், ஓடிக்கொண்டேயிருந்தார்கள்.
கண் கிடையாதாம் அவர்களுக்கு.
ஆலையில் எடை எழுதும் பியாருஹங்கா சொல்வான்:
முன்னால் போனவன் விட்ட வாசனையை முகர்ந்தே
ருவென்சோரி மலையைச் சுற்றி வந்துவிடுவார்கள் என்று.
அவன் எதையும் கூட்டித்தான் சொல்வான்.

பிள்ளையை முதுகில் கட்டினேன்.
மரவள்ளி மாவை அப்படியே விட்டேன்,
அதை அவர்கள் முகர்ந்தும் பார்க்க மாட்டார்கள்.
உயிருள்ளது எதுவும் கட்டுண்டு கிடக்கக் கூடாது,
அவ்வளவுதான் அந்த இரவின் சட்டம்.

வெளியே வந்த பிறகுதான் நினைவு வந்தது,
கோழிக்கூண்டு.

அதற்குள் முழங்கால் வரை ஏறிவிட்டார்கள்.
பிய்த்தால் உடல் கையோடு வரும்,
தலை வராது.
உடம்பில்லாத தலை
தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும்.

நானும் கபஹேண்டாவும் மூன்று வருடமாக அப்படித்தான்.
எல்லைச் செடி ஒரு முழம் நகர்ந்ததில் வந்த சண்டை.
சண்டையின் உடம்பு எப்போதோ போய்விட்டது,
கடித்த தலை மட்டும் சதையில்.
எங்கள் ஊரில் வெறும் பெயரைச் சொல்லி அழைப்பது
முகத்தில் கதவைச் சாத்துவது மாதிரி.
அன்புக்கென்று ஆளுக்கொரு பெயர் தனியாக உண்டு.
அவள் அபோக்கி. நான் அட்யேரி.
மூன்று வருடமாக
அவள் கபஹேண்டா, நான் கோபுசிங்கே.

இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல்:
"திறந்துவிட்டேன்! உன் கோழியெல்லாம் போய்விட்டது!"
எந்தப் பெயரும் சொல்லவில்லை.
நான் எந்தப் பதிலும் சொல்லவில்லை.
சாம்பலை வட்டமாகக் கொட்டி
அவரவர் வட்டத்துக்குள் அவரவர் நின்றோம்,
விடியும் வரை பாதத்தைத் தட்டித் தட்டி.

காலையில் வீடு
கழுவிக் கவிழ்த்த சட்டி.
கட்டிலில் ஒரு மூட்டைப்பூச்சி இல்லை.
கூரையில் சிலந்தி இல்லை.
மூலையில் கரப்பான் சிறகுகள், உரித்த வெங்காயத் தோல்போல.
எலியை மட்டும் காணோம்.
அவள் வீட்டுக்குத்தான் போயிருக்கும்.

என் கோழிகள் ஐந்தும் அவள் கூரைமேல் இருந்தன.
அவள் சமையற்கட்டில்
முட்டைமேல் உட்கார்ந்திருந்த செங்கோழி,
கூடையை விட்டு எழாத பிடிவாதக்காரி,
இறகாகவும் எலும்பாகவும் இருந்தது.
இறகு கூடக் கலையவில்லை.
முதலில் என் கூண்டுக்கு ஓடினாள்.
திரும்பிப் போவதற்குள் நேரம் முடிந்திருக்க வேண்டும்.

அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.
கூடையை வெயிலில் கவிழ்த்து வைத்தாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், யாரிடமும் சொன்னதில்லை.
அந்தச் செடியை நகர்த்தியது நான்தான்.
இப்படியொரு மழை நின்ற இரவில்,
மண் இளகியிருந்தபோது.

கறுப்புப் பெட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
அவள் பக்கம் நடந்தேன்.
எல்லைச் செடியருகே நிற்க வேண்டியதாயிற்று.
படை இன்னும் முடியவில்லை.
நான் நட்ட இடத்தையும் அவள் சொன்ன இடத்தையும்
ஒரே கயிறாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.
கடைசி எறும்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அந்தப் பக்கம் அவள்,
கையில் துடைப்பம், துடைக்காமல்.
இந்தப் பக்கம் நான்.
கோழி என் விலாவில் சூடாக மூச்சு விட்டது.

"அபோக்கி," என்றேன்.
அவள் குனிந்து எறும்புகளையே பார்த்தாள்.
"பொறு," என்றாள், "போகட்டும்."