பதினைந்து ஆம்பியர்

மூன்று மாதமாக எங்கள் சாப்பாட்டு மேசையில்
உப்புச் சாடிக்கு அடியில் நாலு கார்கள்.
சாம்பார் சிந்திய கார் விலை மலிவு.
மோர் சிந்திய காரில் பின்சீட்டில் முட்டி இடிக்கும்.
மற்ற இரண்டையும் சின்னவன் ஜோயல் கத்தரித்துத்
தரையில் ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

கெசியாவின் கணக்கு நோட்டு, கடைசிப் பக்கம்:
இன்பராஜின் கையெழுத்தில்
பெட்ரோல் இவ்வளவு, கரண்ட் இவ்வளவு,
எட்டு வருடத்தில் மிச்சம் இவ்வளவு.
அதற்குக் கீழே, "பேட்டரி செத்தால்?"
மேற்கொண்டு அவர் எழுதவில்லை.
அந்த இடத்தில் பேனா
ஒரு பொத்தல் போட்டிருக்கிறது.

சத்துவாச்சாரி ஷோரூமில்
இம்தியாஸ் என்கிற பையன், டை கட்டியவன்,
ஒரு சார்ஜில் இருநூற்றைம்பது போகும் சார், என்றான்.
சார், டிக்கியைப் பாருங்க சார்.
சார், மேடத்துக்குச் சிவப்பு பிடிக்குமா கேளுங்க.
சார் தினமும் ராணிப்பேட்டைக்குக்
கம்பெனி பஸ்ஸில் போகிறவர்.
சாருக்கு லைசென்சே கிடையாது.

ஓட்டப்போவது நான்.
இரத்தப் பரிசோதனைக் கூடம், ராத்திரி ஷிஃப்ட்,
விடிந்தால் வீடு.
பாகாயத்தில் இருபத்தொரு நாள்
பழைய மாருதியில் கியர் மாற்றப் பழகினேன்.
இதில் கியரே கிடையாதாம்.
கட்டிய ஃபீஸில் பாதியைத் திருப்பிக் கேட்கலாமா?

எனக்கும் ஒரு கணக்கு இருந்தது, நோட்டில் ஏறாதது.
வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி ஆறு கிலோமீட்டர்,
பள்ளிக்கூடம் சுற்றிப் போனால் ஒன்பது,
ஞாயிறு சர்ச், அப்படியே மீன் கடை, நாலு.
வருடத்தில் மூன்றே முறை மெட்ராஸ், நாத்தனார் வீடு.
அந்த மூன்று முறைக்காகத்தான்
இந்த மூன்று மாதச் சண்டை.

இம்தியாஸிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.
மே மாதம், மத்தியானம் ஒரு மணி,
கிரீன் சர்க்கிளில் முக்கால் மணி நேரமாக
வண்டி நகரவில்லை,
பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள்,
திரையில் பதினெட்டு பெர்சன்ட்.
ஏசியை அணைக்கணுமா, வேண்டாமா?

டையைத் தளர்த்திக்கொண்டான்.
"அக்கா," என்றான், முதல் தடவையாக,
"நானும் வேலூர்க்காரன்தான். அணைக்காதீங்க.
நிக்கிற வண்டி அவ்வளவா குடிக்காது."

அடுத்த சனிக்கிழமை ஏலகிரி.
அவன் பக்கத்தில், நான் ஸ்டீயரிங்கில்.
பதினாலு வளைவு ஏறி முடிப்பதற்குள்
அறுபத்தொன்று நாற்பத்தாறு ஆனது.
இன்பராஜ் பின்னாலிருந்து
ஒவ்வோர் எண்ணாகச் சத்தமாகப் படித்தார்,
ஐசியூ கண்ணாடிக்கு வெளியே நிற்கும் மச்சான் மாதிரி.

இறங்கும்போது நாற்பத்தேழு.
யாரும் நம்பவில்லை.
நாற்பத்தெட்டு.
பிரேக் பிடிக்கப் பிடிக்கத் திரும்பி வரும் அக்கா, என்றான்.
இருபது வருட வேலையில்
திரும்பி வந்தது என்று எனக்கு எதுவும் இல்லை.
வளைவே இல்லாத இடத்திலும்
மெதுவாக பிரேக்கை மிதித்துப் பார்த்தேன்.

வீட்டுக்காரர் ரங்கநாதம்
மொட்டை மாடியில் துணி காயப்போட்டதற்கே நோட்டீஸ் ஒட்டியவர்.
ஒயர் சூடாகும், வீடு பற்றும், யார் பொறுப்பு?
தனி மீட்டர், தனிப் பூட்டு, எழுதிக் கையெழுத்து
எல்லாம் முடிந்து நான் படியேறும்போது கேட்டார்:
"என்ன கலர்?"
வெள்ளை.
"அதான் நல்லது," என்றார்,
மேலே, வெயில் இருந்த பக்கம் பார்த்து.

நேற்று எலெக்ட்ரீஷியன் வந்து
மாடிப்படிக்குக் கீழே
பதினைந்து ஆம்பியர் பாயின்ட் வைத்துவிட்டுப் போனார்.
வண்டி வர இன்னும் ஏழு வாரம்.

இன்று வேலைக்குக் கிளம்பும் முன்
அயர்ன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.
கார் நிற்கப்போகும் இடத்தில் பெஞ்சைப் போட்டு
போர்வை விரித்து
என் வெள்ளைக் கோட்டைத் தேய்த்தேன்.
புது மீட்டரில் சிவப்புப் பொட்டு கண் சிமிட்டியது.
ஜோயல் படியில் உட்கார்ந்து கேட்டான்,
"அம்மா, எத்தனை பெர்சன்ட் ஆச்சு?"
காலர் மட்டும் பாக்கி, என்றேன்.