ஓட்டைக்கு நேர் எதிரே

விபத்துப் பதிவேட்டில் ஐந்தாவது கட்டம்
காரணத்துக்கு.
நமுகோலோ, வயது எட்டு என்ற வரிக்கு நேரே
யாரோ சாய்வாக எழுதியிருந்தார்கள்:
குழந்தையின் கவனக்குறைவு.

லுசாகாவில் அது அக்டோபர்.
மின்விசிறி சுற்றியும்
காகிதம் கையில் ஒட்டுகிற வெக்கை.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு
அந்த இடத்தில் போய் நின்றேன்.
கோடு போட்ட கடவை இருநூற்றுப் பத்து மீட்டர் தள்ளி,
வங்கிக்கு எதிரே, யாரும் மிதிக்காமல்
புதுசு கலையாமல் கிடந்தது.
பள்ளிக்கூட வேலியில் ஓட்டை இருந்ததோ இங்கே.
செம்மண்ணில் ஒற்றையடிப் பாதை
ஓட்டையை விட்டு வெளியே வந்து
தார் விளிம்பில் அறுந்து
எதிர்ப்பக்கம் மறுபடி தொடங்கியது.

அறுந்த அந்தப் பதினான்கு மீட்டர்தான் என் வேலை.

ஏழு வயதுக்காரன் ஒருவன் கடக்கப் பன்னிரண்டு விநாடி.
இரண்டு மினிபஸ்களுக்கு நடுவே கிடைத்தது ஐந்து.
மீதியை
தினமும் எங்கிருந்து எடுத்து வருகிறார்கள் இவர்கள்?

பிறகு சாலையோரம் மண்டியிட்டேன்.
ரீசார்ஜ் அட்டை விற்கும் கசோண்டே சிரித்தார்:
"மாதாகோயில் அந்தப் பக்கம், மேடம்."
ஒரு மீட்டர் உயரத்தில் அது வேறு சாலை.
வண்டிகளுக்கு முகமே இல்லை;
சக்கரம், சேறு, சுடுமூச்சு.
ஓரங்கட்டிய சோளமாவு லாரி ஒன்று
உலகத்தில் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது.

பதிவேட்டில் எழுதியதை அடிக்க எனக்கு அதிகாரம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்:
ஓட்டையிலிருந்து கடவை, 210 மீ.

கூட்டத்தில் ஒப்பந்தக்காரர் சொன்னார்,
ஓட்டையை அடைத்துவிடலாம், ஒரு நாள் வேலை,
பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல ஒரு பலகையும் வைக்கலாம்.
நான் குறைகிற ஏழு விநாடியைப் பற்றிப் பேசினேன்.
அதையே பேசினேன்.
பதினொரு மாதம்.
நடுவில் கோப்பு இரண்டு முறை தொலைந்தது.

இப்போது ஓட்டை ஒரு வாசல்.
அதற்கு நேர் எதிரே மேடாக்கிய கடவை,
நடுவில் ஒதுங்கி நிற்க ஒரு திட்டு,
லாரி நின்ற இடத்தில் முழங்கால் உயரக் கல்தூண்கள்.
மினிபஸ் நடத்துனர்கள் என் அம்மாவையும் சேர்த்துத் திட்டுகிறார்கள்.
கேட்கச் சுகமாக இருக்கிறது.
வேகம் குறைந்தால்தானே
வசவு முழுசாகக் காதில் விழும்.

நேற்று ஒரு பையன்,
பை முதுகைவிடப் பெரிது,
வெள்ளையில் மட்டும் கால்வைத்துத் தாவி வந்தான்.
கடைசிக்கு முந்தின கோட்டில்
குதிகால் கறுப்பில் பட்டுவிட்டது.
நின்றான். யோசித்தான்.
திரும்பிப் போய்
முதல் கோட்டிலிருந்து ஆரம்பித்தான்.

இரண்டு பக்கமும் வண்டிகள்
காத்திருந்தன.