ஏழாம் நம்பர் பருப்பு

லாங் பஜாரில் என் கடைக்கு நடுவே
கயிறு கட்டினார் ஆர்.ஐ. பூங்காவனம்.
இந்தப் பக்கம் பருப்பு, சோப்பு, கற்பூரம்: விற்கலாம்.
அந்தப் பக்கம் ஸ்லேட்டு, செருப்பு, ஊசிநூல்: தொடக்கூடாது.

கற்பூரம் இல்லாமல் சாமி இருக்கும் மேடம்,
ஊசி இல்லாமல் ரவிக்கை நிற்காது என்றேன்.
பட்டியல் நான் எழுதலை என்றார்.

அதற்குள் எதிர்க்கடை எத்திராஜ் கத்தினார்:
"இவன் மளிகைன்னு சொல்லி செருப்பு விப்பான்.
போர்டுல செருப்புன்னே எழுதின நான்
பூட்டிட்டு வேடிக்கை பாக்கணுமா?"
பதில் இருந்தது என்னிடம்.
மூன்று மாத வாடகை பாக்கி
அவர் முகத்தில் தெரிந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

கத்திரி வெயில், பதினொரு மணி.
கொணவட்டத்திலிருந்து நடந்தே வந்த ஒருத்தி,
வார் அறுந்த செருப்பைக் கையில் பிடித்து
ஒரு காலை மற்றதன்மேல் ஏற்றி நின்றாள்.
புருஷன் சி.எம்.சி.யில். பஸ் ஓடவில்லை.

பூங்காவனம் கயிற்றைப் பார்த்தார்.
பிறகு என் தராசை. ரொம்ப நேரம்.
எத்திராஜ் ஷட்டரை ஒரு சாண் தூக்கி
உள்ளே கையை விட்டார்.
"நம்பர் என்னம்மா?"
"ஏழு."

போலீஸ் கேட்டால் காட்ட
பில் நான்தான் போட்டுக் கொடுத்தேன்:
துவரம்பருப்பு, நூற்றி இருபது ரூபாய்.
பணம் எத்திராஜுக்கு.
மேடம் எட்டிப் படித்தார்.
"பருப்புக்கு ஏது ஏழாம் நம்பர்?"
பழக்கதோஷம்; எழுதியிருக்கிறேன்.

மறுநாள் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினார்கள்.
எத்திராஜ் இப்போதும் பருப்பு வாங்க
அடுத்த தெருவுக்குத்தான் போகிறார்.